விண்கலம் திரும்பும் வழி: அவை கேட்க வேண்டிய கணக்கு

புதுதில்லி: சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்று திரும்பிய முதல் இந்தியரான சுபான்ஷு சுக்லாவைப் பாராட்டும் வகையில், 2025 ஆகஸ்ட் 18-ஆம் தேதி மக்களவையில் சிறப்பு விவாதம் தொடங்கப்பட்டது. பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தப் பணி குறித்து விவாதிக்கக் கோரி எதிர்க்கட்சிகள் முழக்கமிட, அதற்கு நடுவே விண்வெளித் துறை இணையமைச்சர் ஜிதேந்திர சிங் பேசினார். அமளி ஓயவில்லை, அவை ஒத்திவைக்கப்பட்டது. விண்வெளி வீரரைக்கூடப் பாராட்ட மனமில்லையா என்று ஆளுந்தரப்பு கேட்டது. வாக்குரிமையைப் பற்றிப் பேச இடமில்லையா என்று எதிர்த்தரப்பு கேட்டது.

இந்த வாக்குவாதத்தில் காணாமல்போனது, அந்த விவாதத்தின் மையமாக இருந்திருக்க வேண்டிய ககன்யான் திட்டம். இந்தியர்களை இந்திய ராக்கெட்டில் அனுப்பி, இந்தியக் கலத்திலேயே திரும்ப அழைத்து வரும் திட்டம் இது. 2018-ஆம் ஆண்டு சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தபோது 2022 என்று சொல்லப்பட்ட காலக்கெடு, 2025-இல் அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி 2027-க்குச் சென்றது. முதலில் சுமார் 10,000 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்ட செலவு, கூடுதல் பயணங்களும் சேர்க்கப்பட்டு, 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை அளித்த ஒப்புதலுக்குப் பின் 20,193 கோடி ரூபாயாக உயர்ந்தது.

இத்திட்டத்தைப் பற்றி அவையில் பெரும்பாலும் எழுவன இரண்டு கேள்விகள்தாம். எப்போது? எவ்வளவு? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. வீரர்களின் உயிர் எந்தக் கணக்கை நம்பியிருக்கிறது என்பதே அது.

காற்று காற்றாக இல்லாத இடம்

சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கலம் விநாடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. பூமிக்குத் திரும்பும்போது அந்த வேகம் முழுவதையும் வளிமண்டலத்தில்தான் இழக்க வேண்டும். கலத்தின் முன்னால் அழுத்தப்படும் காற்று பல ஆயிரம் டிகிரி வரை வெப்பமடைகிறது. எவ்வளவு வெப்பம், எந்தப் பகுதியில், எத்தனை விநாடிகளுக்கு என்பதை முன்கூட்டியே கணக்கிட்டால்தான் வெப்பக் கவசத்தின் தடிமனை முடிவு செய்ய முடியும். தடிமன் குறைந்தால் ஆபத்து. கூடினால் கலம் சுமக்க முடியாத எடை.

விமானம் வடிவமைப்பவர்கள் காற்றை இடைவெளியற்ற ஒரே பொருளாகக் கருதுகிறார்கள். தரைமட்டத்தில் அது சரியே. அங்கு ஒரு மூலக்கூறு மற்றொன்றுடன் மோதுவதற்கு முன் கடக்கும் சராசரித் தொலைவு, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கைக் காட்டிலும் குறைவு. 100 கிலோமீட்டர் உயரத்தில் அதே தொலைவு பத்து சென்டிமீட்டர் அளவுக்கும், 120 கிலோமீட்டரில் சில மீட்டர்கள் அளவுக்கும் பெருகிவிடுகிறது. ககன்யான் வீரர்கள் அமரும் கலத்தின் விட்டமே மூன்று மீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது கலத்தின் அளவும் மூலக்கூறுகளுக்கு இடையிலான மோதல் தொலைவும் ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன. பொறியியல் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் அங்கே பொருந்துவதில்லை.

கலம் இன்னும் கீழே இறங்கிக் காற்று அடர்த்தியான பிறகும் சிக்கல் தீர்வதில்லை. அதிர்வலையைக் கடக்கும் காற்றின் மூலக்கூறுகள் நொடிப்பொழுதில் பெரும் வேகம் பெறுகின்றன. ஆனால் அவற்றின் உள்ளதிர்வு அந்த வெப்பநிலையை எட்டச் சற்று நேரம் பிடிக்கிறது. ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடைகின்றன. பின்னர் நைட்ரஜனும் உடைகிறது. மின்னேற்றம் பெற்ற துகள்கள் கலத்தைச் சூழ்ந்து வானொலித் தொடர்பைச் சில நிமிடங்கள் துண்டிக்கின்றன. இந்த மாற்றங்கள் முடிவதற்குள் அந்தக் காற்று கலத்தைக் கடந்து போய்விடுகிறது. ஒரே இடத்தில் ஒரே வாயுவுக்கு இரண்டு மூன்று வெப்பநிலைகள் இருப்பதைப் போன்ற நிலை இது. விஞ்ஞானிகள் இதனைச் சமநிலையற்ற ஓட்டம் என்கிறார்கள்.

கருத்துக் கணிப்பைப் போல

இத்தகைய ஓட்டத்தை விளக்கும் சமன்பாட்டை ஆஸ்திரிய இயற்பியலாளர் லுட்விக் போல்ட்ஸ்மன் 1872-இலேயே எழுதிவிட்டார். மூலக்கூறுகளின் வேகப் பங்கீடு, அவற்றின் மோதல்களால் எவ்வாறு மாறுகிறது என்பதை அது கூறுகிறது. எழுதுவது ஒன்று, தீர்ப்பது வேறு. உண்மையான ஒரு விண்கலத்தின் வடிவத்துக்கு அதனை நேரடியாகத் தீர்ப்பது இன்றைய கணினிகளுக்கும் பெருஞ்சுமை.

எனவே இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, ஆஸ்திரேலியாவின் கிரேம் பேர்டு 1960-களில் உருவாக்கிய முறை. தேர்தல் கருத்துக் கணிப்பு நடத்துவோர் கோடிக்கணக்கான வாக்காளர்களில் சில ஆயிரம் பேரைத் தேர்ந்து கேட்பதுபோல, இதில் எண்ணற்ற மூலக்கூறுகளுக்குப் பிரதிநிதியாகச் சில கோடித் துகள்களைக் கணினியில் ஓடவிட்டு, மோதவிட்டு, முடிவைத் தொகுக்கிறார்கள். கணிப்பில் மாதிரி குறைந்தால் பிழை கூடுவதுபோல் இங்கும் துகள் குறைந்தால் பிழை கூடும். காற்று அடர்த்தியாக ஆக, தேவையான துகள்களின் எண்ணிக்கையும் கணினி நேரமும் மலையெனப் பெருகும்.

இரண்டாவது வழி, மோதல்களை ஒவ்வொன்றாகக் கணக்கிடாமல், குழப்பமடைந்த வாயு குறிப்பிட்ட கால அளவில் சமநிலையை நோக்கித் திரும்பும் என்று கொண்டு சமன்பாட்டை எளிமையாக்குவது. 1954-இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரைக்கு ஆசிரியர்கள் மூவர்: பட்நாகர், கிராஸ், குரூக். உலகெங்கும் அவர்களின் பெயர்களின் முதலெழுத்துகளால் பி.ஜி.கே. என்று இந்த மாதிரி அழைக்கப்படுகிறது.

முதலில் நிற்கும் பெயருக்கு உரியவர் இந்தியர். ராஜஸ்தானின் கோட்டாவில் 1912-இல் பிறந்த பிரபுலால் பட்நாகர், தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். ஆய்வுக்காக அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றிருந்தபோது பிறந்தது இந்த மாதிரி. நாடு திரும்பிய அவர், 1956-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பயன்பாட்டுக் கணிதத் துறையைத் தொடங்கி வளர்த்தார். 1968-இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவரது மாதிரியில் வெப்பக் கடத்தலைச் சரியாகக் காட்டாத ஒரு குறை உண்டு. பின்னர் வந்தவர்கள் அதனைத் திருத்திப் பயன்படுத்துகிறார்கள். மீமெல்லிய வாயுவிலிருந்து மோட்டார் வாகனங்களைச் சுற்றிய காற்றோட்டம் வரை, இன்றைய பல கணினி நிரல்களின் அடியில் அந்த 1954-ஆம் ஆண்டுக் கருத்தே இருக்கிறது.

கணக்கு தவறினால்

தரையில் செய்த சோதனையும் கணக்கும் வானில் பொய்த்துப்போனதற்குச் சான்றுகள் உள்ளன. 1981 ஏப்ரலில் அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் முதன்முறையாகத் திரும்பியபோது, அதன் மூக்கு எதிர்பார்த்ததைவிட அதிகமாக மேல்நோக்கி எழ முயன்றது. அதனைச் சமன்செய்ய, பின்புற மடிப்புத் தகட்டை முன்பு கணக்கிட்டதைக் காட்டிலும் இருமடங்குக்கும் மேல் சாய்க்க வேண்டியிருந்தது. மிகுந்த வெப்பத்திலும் வேகத்திலும் காற்று நடந்துகொள்ளும் விதத்தைக் காற்றுச் சுரங்கச் சோதனைகள் முழுமையாகக் காட்டவில்லை என்பது பின்னர் தெரிந்தது. தகட்டில் போதிய இடம் மிச்சமிருந்ததால் இரு வீரர்களும் பிழைத்தனர்.

அதே கொலம்பியாதான் 2003 பிப்ரவரி 1-ஆம் தேதி, ஹரியாணாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேருடன் சிதறியது. புறப்படும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையைத் தாக்கியிருந்தது. விண்ணோடம் சுற்றிக்கொண்டிருந்த நாள்களில், சேதத்தை மதிப்பிட ஒரு கணினி மாதிரி பயன்படுத்தப்பட்டது. அது சரிபார்க்கப்பட்டது மிகச் சிறிய துண்டுகளுக்கு. உண்மையில் மோதியது அவற்றைவிடப் பல நூறு மடங்கு பெரியது. மாதிரி எந்த எல்லைக்குள் நம்பத்தக்கது என்ற கேள்விக்கு உரிய இடம் தரப்படவில்லை என்பதை விசாரணைக் குழுவின் அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது.

அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2022-இல் நிலவைச் சுற்றித் திரும்பிய நாசாவின் ஆளில்லா ஓரியன் கலத்தின் வெப்பக் கவசம், எதிர்பாராத வகையில் துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தது. கவசத்துக்குள் உருவான வாயு வெளியேற முடியாமல் அழுத்தம் கூடியதே காரணம் என்று 2024 டிசம்பரில் நாசா விளக்கியது. தரையில் நடந்த சோதனைகளில் வெப்பம், உண்மைப் பயணத்தின் சில கட்டங்களைவிட வேகமாக ஏற்றப்பட்டிருந்தது. அதனால் குறை முன்னரே வெளிப்படவில்லை. ஆளில்லாமல் அனுப்பியதால் பாடம் மட்டும் கிடைத்தது. உயிர் எதுவும் போகவில்லை.

இந்தியாவின் கையிருப்பு

இந்தத் துறையில் இந்தியா வெறுங்கையோடு நிற்கவில்லை. 2007 ஜனவரி 10-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பப்பட்ட சிறு மீட்புக் கலம், சுற்றுப்பாதையிலிருந்து திரும்பி ஜனவரி 22-ஆம் தேதி வங்கக் கடலில் இறங்கியது. 2014 டிசம்பர் 18-ஆம் தேதி, வீரர்கள் அமரும் கலத்தின் மாதிரி ஒன்று 126 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறக்கப்பட்டு, அந்தமான் அருகே மீட்கப்பட்டது. இரண்டிலும் மதிப்புமிக்க அளவீடுகள் கிடைத்தன. எனினும் முதற்கலம் சுமார் 550 கிலோ எடையே கொண்டது. இரண்டாவது பெரிதாக இருந்தபோதிலும் சுற்றுப்பாதை வேகத்தை எட்டாமலே திரும்பியது. முழு அளவிலான கலம் முழு வேகத்தில் இறங்கும் நிலைக்குக் கணக்கைச் சரிபார்க்க, ககன்யானின் ஆளில்லாப் பயணங்களே உரைகல்.

தரையிலும் வசதிகள் உருவாகியுள்ளன. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் பெரிய ஹைப்பர்சானிக் காற்றுச் சுரங்கமும் அதிர்வலைச் சுரங்கமும் 2017-இல் செயல்பாட்டுக்கு வந்தன. ஹைதராபாதில் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் ஹைப்பர்சானிக் சுரங்கம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. கணினி நிரலும் உள்நாட்டிலேயே எழுதப்படுகிறது. விக்ரம் சாராபாய் மையம் உருவாக்கிய 'பிரவாஹா' என்னும் நிரல், ககன்யான் கலத்தைச் சுற்றிய காற்றோட்டத்தைக் கணக்கிடப் பயன்படுவதாக 2024 ஜனவரியில் இஸ்ரோ தெரிவித்தது. அந்த அறிவிப்பிலேயே ஒரு முக்கியமான வரி இருந்தது. மறுநுழைவின்போது காற்று உடைந்து வேதிவினை புரிவதைக் கணக்கிடும் பகுதியின் சரிபார்ப்பு இன்னும் முடியவில்லை என்பதே அது. இஸ்ரோ அதனை மறைக்காமல் சொன்னது பாராட்டத்தக்கது. அந்தச் சரிபார்ப்பு எந்த அளவீடுகளைக் கொண்டு செய்யப்படுகிறது, முடிவை யார் பரிசீலிக்கிறார்கள் என்பதே உறுப்பினர்கள் தொடர்ந்து கேட்க வேண்டிய கேள்வி.

இயந்திரம் கிடைக்கும், நிரல் கிடைக்காது

வெளிநாட்டிலிருந்து வாங்கிவிடலாமே என்ற எண்ணம் எழலாம். விண்கலம் திரும்புவதைக் கணக்கிடும் அதே நிரல், ஏவுகணையின் முனை திரும்புவதையும் கணக்கிடும். அதனால்தான் நாசா போன்ற அமைப்புகள் தங்களின் முதன்மையான மறுநுழைவு நிரல்களை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் துகள் முறை நிரல் ஒன்றை அனைவருக்கும் திறந்து வைத்திருப்பது உண்மை. ஆயினும் ஒரு குறிப்பிட்ட கலத்துக்கு அந்த நிரல் தரும் விடை சரிதானா என்று உறுதிசெய்யும் பொறுப்பை எவரும் இலவசமாக ஏற்றுக்கொள்வதில்லை.

இயந்திரங்களின் வரலாறும் தில்லிக்குத் தெரிந்ததே. 1980-களில் ராஜீவ் காந்தி அரசு கேட்ட கிரே சூப்பர் கம்ப்யூட்டரை அமெரிக்கா தர மறுத்து, திறன் குறைந்த ஒன்றைக் கண்காணிப்பு நிபந்தனைகளுடன் வானிலைப் பணிக்கு மட்டும் அளித்தது. அந்த மறுப்பின் விளைவாக 1988-இல் சி-டாக் நிறுவனம் பிறந்தது. 1991-இல் பரம் 8000 உருவானது. 1998 பொக்ரான் சோதனைக்குப் பின் விதிக்கப்பட்ட தடைப் பட்டியலில் இஸ்ரோவின் அமைப்புகளும் இடம்பெற்றன. 2011-இல்தான் அவை நீக்கப்பட்டன. 2025 ஜனவரியில் அமெரிக்கா அறிவித்த புதிய விதி, உயர்திறன் சில்லுகளை எவ்வளவு வாங்கலாம் என்பதில் இந்தியா உள்பட ஏராளமான நாடுகளுக்கு உச்சவரம்பு வைத்தது. அந்த ஆண்டு மே மாதமே அது கைவிடப்பட்டது. ஆட்சி மாறினால் விதியும் மாறும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

2015-இல் 4,500 கோடி ரூபாயில் தொடங்கப்பட்ட தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் இயக்கத்தின் கீழ், 2025 மார்ச் வரை 34 இயந்திரங்கள் நிறுவப்பட்டதாக அரசு கணக்கு அளித்தது. இது குறைத்து மதிப்பிடத்தக்க சாதனை அன்று. எனினும் இவற்றின் முதன்மைச் சில்லுகள் வெளிநாட்டுத் தயாரிப்புகளே. எத்தனை இயந்திரங்கள், எத்தனை பெட்டாஃப்ளாப் என்று அவையில் எண்ணிக்கை வாசிக்கப்படுகிறது. அவற்றில் ஓடும் நிரல்களில் இந்தியாவில் எழுதப்பட்டவை எத்தனை, அவற்றை எழுதிப் பராமரிப்போர் எத்தனை பேர் என்பது அந்த எண்ணிக்கையில் தெரிவதில்லை.

ஆளுக்கு அல்லவா பஞ்சம்

பிரச்னையின் வேர் இங்கேதான் இருக்கிறது. காற்றுச் சுரங்கத்தைத் திறந்து வைக்கலாம். கணினியை நாட்டுக்கு அர்ப்பணிக்கலாம். அமைச்சர் பெயருடன் கல்வெட்டு வைக்கலாம். போல்ட்ஸ்மன் சமன்பாட்டையும் வேதிவினை வேகங்களையும் கணினி நிரலையும் ஒருசேர அறிந்த ஓர் ஆய்வாளரை உருவாக்கப் பத்தாண்டுகள் ஆகும். அதற்குக் கல்வெட்டு கிடையாது.

நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஆராய்ச்சிக்கான செலவு 2020-21-இல் 0.64 சதவீதம். 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம், ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்ற இலக்கை அறிவித்தது. அதில் சுமார் 36,000 கோடி அரசு சாராத ஆதாரங்களிலிருந்து வரும் என்று கூறப்பட்டது. உடனடி லாபம் தராத இத்தகைய அடிப்படைக் கணக்கியலுக்குத் தனியார் நிதி எந்த அளவுக்கு வரும் என்ற ஐயம் நியாயமானது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் அந்த நிதி சென்றடைய வேண்டும் என்பது அந்தச் சட்டத்துக்குக் கூறப்பட்ட நோக்கங்களுள் ஒன்று. அது நிறைவேறினால்தான் ஆய்வாளர்களின் வட்டம் ஐ.ஐ.டி.களையும் அறிவியல் கழகத்தையும் தாண்டி விரியும்.

பயன் விண்வெளியோடு முடிவதும் இல்லை. 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட செமிகண்டக்டர் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். சில்லுகளைச் செதுக்கும் கலன்களுக்குள் இருப்பதும் மிகக் குறைந்த அழுத்தத்தில் உள்ள சமநிலையற்ற வாயுவே. கலம் திரும்புவதைக் கணக்கிடக் கற்றவரால் அந்தக் கலனையும் கணக்கிட முடியும். ஒரு செலவில் இரு பயன் என்று நிதி அமைச்சகத்துக்கு எடுத்துச் சொல்ல இது ஒன்றே போதும்.

நிலைக்குழுவின் கையில்

சமன்பாடுகளை மக்கள் பிரதிநிதிகள் எப்படிப் பரிசீலிக்க முடியும் என்று கேட்கலாம். பாதுகாப்பு சார்ந்த விவரங்களைப் பொதுவெளியில் வைக்க முடியாது என்று அரசும் கூறலாம். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் நாடாளுமன்றம் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியதில்லை. கணக்குத் தணிக்கையாளர் பாலம் கட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று எவரும் கோருவதில்லை; பாலத்தைச் சோதித்தார்களா என்று கேட்கத் தெரிந்திருந்தால் போதும்.

அறிவியல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, விண்வெளித் துறையின் மானியக் கோரிக்கைகளை ஆண்டுதோறும் பரிசீலிக்கிறது. அவையில் பெரும்பாலான துறைகளின் கோரிக்கைகள் விவாதமின்றி 'கில்லட்டின்' முறையில் ஒட்டுமொத்தமாக நிறைவேறிவிடும் இக்காலத்தில், கேள்வி கேட்க எஞ்சியிருக்கும் இடம் அந்தக் குழுவே. அதன் கூட்டங்கள் மூடிய அறையில் நடைபெறுவதால் ரகசியம் காக்கும் வாதமும் அங்கே எடுபடாது. மூன்று கேள்விகளை அது கேட்கலாம். மறுநுழைவுக் கணக்கின் ஒவ்வொரு பகுதியும் எந்தப் பயணத்தின் அளவீடுகளோடு ஒப்பிடப்பட்டது? அந்த ஒப்பீட்டைத் திட்டத்தில் பங்குபெறாத வல்லுநர்கள் பரிசீலித்தார்களா? இத்துறையில் ஆய்வாளர்களை உருவாக்க இந்த ஆண்டு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு?

2024 பிப்ரவரி 27-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் நால்வரின் பெயர்களைப் பிரதமர் அறிவித்தார்: பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. இவர்களில் சுக்லா மட்டும் 2025 ஜூலை 15-ஆம் தேதி அமெரிக்கக் கலம் ஒன்றில் அந்த நெருப்பு வளையத்தைக் கடந்து வந்திருக்கிறார். அந்தக் கலத்தின் கணக்கைப் போட்டுச் சரிபார்த்தவர்கள் அமெரிக்கர்கள். ககன்யானின் கணக்குக்கு முழுப் பொறுப்பு இந்தியாவுடையது. திரும்பி வந்தவரைப் பாராட்ட அவை ஒரு நாள் ஒதுக்கியது. போகப் போகிறவர்களுக்காக நிலைக்குழு ஓர் அமர்வை ஒதுக்கினால், அது கட்சி எல்லைகளைக் கடந்த கடமையாக இருக்கும்.